மூட்டையின் எடையை முடிவு செய்தது யார்?



'தொழிற்சாலையில் பளு தூக்குதல்: பாதிப்பும் பாதுகாப்பும்' என்பது இன்றைய கருத்துக்களத்தின் தலைப்பு. வழக்கமாக இந்த மேடையில் கேள்வி கேட்பதோடு என் வேலை முடிந்துவிடும். பதில் சொல்ல விருந்தினர்கள் இருப்பார்கள். இன்று விவாதம் தொடங்குமுன் இந்தத் தலைப்பின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். நான் மருத்துவம் படிக்கவில்லை, சட்டமும் படிக்கவில்லை. தொடர்புத் துறையில் டிப்ளோமா வாங்கி, பதினைந்து ஆண்டுகளாக மைக் பிடித்துப் பிழைக்கும் ஆள். ஆனாலும் இந்தத் தலைப்பை நான் மறுக்கவில்லை. காரணம் என் தாத்தாவும் அப்பாவும்.

தாத்தா கோலசிலாங்கூர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், பாலை ரப்பராக்கும் ஆலையில் வேலை செய்தவர். அந்த ஆலையைத் தோட்டத்தில் எல்லாரும் 'ஸ்டோர்' என்றுதான் சொல்வார்கள். அப்பா, தோட்டம் விற்கப்பட்ட பிறகு 1993-இல் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் சேர்ந்தார். இரண்டு பேருமே பளு தூக்கினார்கள். இரண்டு பேருக்குமே முதுகு போனது. இருவரும் தூக்கிய பளுவின் எடையை முடிவு செய்தது யார்? இந்த ஒரு கேள்வியைத் தேடிப் போனபோது கிடைத்ததையே இங்கே உங்கள் முன் வைக்கிறேன்.

தாத்தா தூக்கிய கட்டு

ரப்பர் தோட்டம் என்றதும் நம் நினைவுக்கு வருவது பால்மரமும், காண்டாவில் இரண்டு பக்கமும் தொங்கும் பால் வாளியும்தான். நம் கதைகளும் பாடல்களும் அதைத்தான் பாடின. ஆனால் தோட்டத்திற்குள் ஒரு தொழிற்சாலையும் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டோம்.

காலையில் வெட்டிய பால் ஸ்டோருக்கு வரும். வடிகட்டி, தண்ணீர் கலந்து, அமிலம் சேர்த்துத் தொட்டிகளில் உறைய வைப்பார்கள். உறைந்ததை உருளை இயந்திரங்களில் விட்டால் வரி வரியாகத் தடம் பதிந்த தகடு வெளியே வரும். அதைப் புகை அறையில் சில நாள் தொங்கவிட்டால் தேன் நிறத்தில் உலரும். அழுக்கும் குமிழியும் உள்ள பகுதியைக் கத்தரித்து எடுத்துவிட்டு, தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அச்சில் வைத்து அழுத்திக் கட்டாக்குவார்கள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க வெளிப்புறத்தில் வெள்ளைக் கரைசலைப் பூசுவார்கள். இதற்குப் பெயர் 'பேல்'.

ஒரு பேலின் எடை பெரும்பாலும் 250 பவுண்டு. இன்றைய கணக்கில் 113 கிலோ. 224 பவுண்டு பேல்களும் இருந்தன. ஒரு பேலை ஒரே ஆள் தூக்க முடியாது என்று தாத்தா சொல்வார். இருவர் சேர்ந்து புரட்டுவார்கள், உருட்டுவார்கள், கொக்கி போட்டு இழுப்பார்கள். லாரியில் ஏற்றும்போது மட்டும் மூவர் நான்கு பேர் சேர்ந்து "ஏலேலோ" போட்டுத் தூக்குவார்களாம். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே தாத்தா குனிந்தபடிதான் நடந்தார். வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் பாட்டி சொன்னார்: "உங்க தாத்தா நாப்பது வயசிலேயே அப்படித்தாண்டா."

இப்போது அந்த எடையைக் கவனியுங்கள். பழைய ஆங்கிலேய டன் என்பது 2,240 பவுண்டு. 224 பவுண்டு பேல்கள் பத்து இருந்தால் சரியாக ஒரு டன். பிற்காலத்தில் மெட்ரிக் முறை வந்தபோது புகைத்தகட்டுப் பேலின் எடை 111.11 கிலோ ஆனது. ஏன் இந்த விசித்திரமான எண்? ஒன்பது பேல் சேர்ந்தால் ஒரு மெட்ரிக் டன். ஆக, எடை புறப்பட்ட இடம் கணக்குப் புத்தகம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் கப்பல்காரருக்கும் எண்ணுவதற்கு எளிதாக இருந்தது. அதைப் புரட்டப்போகும் மனிதனின் முதுகு எவ்வளவு தாங்கும் என்பது அந்தக் கணக்கில் ஒரு வரியாகக்கூட இல்லை.

1965: எடை குறைந்தது எதனால்?

இந்த வரலாற்றில் என்னை மிகவும் யோசிக்க வைத்த ஆண்டு 1965. அந்த ஆண்டுதான் எஸ்.எம்.ஆர். எனப்படும் தரமுறை மலேசிய ரப்பர் திட்டம் தொடங்கியது.

அதற்குப் பின்னணி உண்டு. இரண்டாம் உலகப் போரில் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்காவுக்கு இயற்கை ரப்பர் வரத்து பெரும்பாலும் நின்றது. அவர்கள் பெரிய அளவில் செயற்கை ரப்பர் தயாரித்தார்கள். போர் முடிந்த பிறகும் அந்தத் தொழில் வளர்ந்துகொண்டே போனது. செயற்கை ரப்பர் தொழிற்சாலைக்குச் சிறு கட்டுகளாக, சுத்தமாக, தரக் குறிப்போடு வந்தது. நம் ரப்பரோ கண்ணால் பார்த்துத் தரம் பிரித்த, நூறு கிலோவுக்கு மேற்பட்ட வெள்ளைப் பூச்சுப் பாறையாகப் போய் இறங்கியது. டயர் தொழிற்சாலைக்காரர் அதை முதலில் வெட்ட வேண்டும்.

போட்டியைச் சமாளிக்க நாமும் மாறினோம். கோலாலம்பூரில் 1925-ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்த ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் புதிய முறைகளை உருவாக்கியது. உறைந்த ரப்பரோடு மிகச் சிறிதளவு ஆமணக்கு எண்ணெய் சேர்த்து உருளையில் விட்டால் அது துகள் துகளாக உதிரும் என்று கண்டுபிடித்தார்கள். துகளை விரைவில் உலர்த்தி, கட்டியாக அழுத்தி, பாலிதீன் தாளில் சுற்றி, ஆய்வுக்கூடத்தில் சோதித்துச் சான்றிதழோடு அனுப்பினார்கள். அந்தக் கட்டியின் எடை 33.3 கிலோ. முப்பது கட்டி ஒரு டன். அவற்றைப் பலகைத் தட்டில் அடுக்கி ஃபோர்க்லிஃப்டில் ஏற்றலாம்.

113 கிலோ 33 கிலோவானது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு! மலையாளிக் கிராணியும் வெள்ளைக்காரத் துரையும் தலைமுறை தலைமுறையாக 'இப்படித்தான் இருக்கும்' என்று நினைத்த ஓர் எடை, வாங்குபவர் கேட்டதும் சில ஆண்டுகளில் மாறிவிட்டது. எடை என்பது இயற்கை விதி அல்ல, மனிதர் எடுக்கும் முடிவு என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமா?

அவசரப்பட்டு மகிழவும் வேண்டாம். முன்பு 113 கிலோவை யாரும் தனியாகத் தொடமாட்டார்கள். 33 கிலோவோ, 'ஓர் ஆள் போதும்' என்று சொல்ல வைக்கும் எடை. முன்பு ஒரு டன்னுக்கு ஒன்பது புரட்டல். இப்போது ஒரு டன்னுக்கு முப்பது தூக்கல், அதுவும் ஒற்றை ஆளாக. எடையை மட்டும் பார்த்தால் போதாது. எத்தனை முறை, எந்த உயரத்திலிருந்து, எவ்வளவு தூரத்தில் பிடித்து என்பதையும் பார்க்க வேண்டும். அதற்கான கணக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆனது.

"எந்தத் தேதியில் அடிபட்டது?"

இப்போது என் அப்பாவின் கதைக்கு வருகிறேன். அவருடைய வேலை, பிளாஸ்டிக் மணிகளை இயந்திரத்தில் கொட்டுவது. ஒரு மூட்டை 25 கிலோ. தரையோடு இருக்கும் பலகைத் தட்டிலிருந்து குனிந்து எடுத்து, திரும்பி, இரண்டு படி ஏறி, நெஞ்சு உயரத்தில் இருக்கும் புனல் வாயில் கவிழ்க்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு ஏறத்தாழ 120 மூட்டை. அதாவது நாளைக்கு 3 டன். இப்படிப் பதினோரு ஆண்டுகள்.

2004-இல் ஒரு காலை. நான் அப்போது இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவம். அப்பா குளியலறையில் கீழே விழுந்த சோப்பை எடுக்கக் குனிந்தார். நிமிர முடியவில்லை. அம்மாவும் நானும் கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுவந்தோம். முதுகெலும்பு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார் மருத்துவர்.

தொழிற்சாலை அலுவலகத்திற்கு நானும் அப்பாவோடு போயிருந்தேன். பாரத்தை வைத்துக்கொண்டு கேட்டார்கள்: "எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்த இயந்திரத்தருகே அடிபட்டது?" அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. "வீட்டுக் குளியலறையில் சோப்பு எடுத்தால் கம்பெனி என்ன செய்யும் அண்ணே?" என்று அந்த அலுவலர் மரியாதையாகத்தான் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை. அவர் கையில் இருந்த பாரத்தில் அந்த ஒரு கட்டம்தான் இருந்தது. பதினோரு ஆண்டுகளை எழுத அதில் இடமில்லை.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது? ஜெர்மனியில் 1884-இல் வந்த தொழிற்சாலை விபத்துக் காப்புறுதியும், பிரிட்டனில் 1897-இல் வந்த தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமும்தான் இத்தகைய சட்டங்களுக்கு முன்னோடி. வேலையின் காரணமாக, வேலை நேரத்தில் நேர்ந்த 'விபத்து'க்கு முதலாளி பொறுப்பு என்றது பிரிட்டிஷ் சட்டம். அதற்கு முன் முதலாளியின் தவற்றைத் தொழிலாளி நிரூபித்தாக வேண்டும் என்ற நிலை. ஆகவே அது பெரிய முன்னேற்றம்தான். 1906-இல் ஈய நஞ்சு, பாதரச நஞ்சு போன்ற ஆறு தொழில் நோய்களையும் சேர்த்தார்கள். முதுகுவலி அந்த ஆறில் இல்லை.

அந்தச் சிந்தனைதான் நமக்கும் வந்தது. மலாயாவில் 1952-இல் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தது. பிறகு 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 1971-இல் 'சொக்சோ' செயல்படத் தொடங்கியது. விபத்து, தொழில் நோய் என்ற இரண்டு வாசல்கள் அதிலும் உண்டு. விரல் துண்டானால் நேரம் தெரியும். ஏணியிலிருந்து விழுந்தால் சாட்சி உண்டு. ஆனால் முதுகு ஒரே நாளில் உடைவதில்லை. சிறுகச் சிறுகத் தேய்ந்து, ஏதோ ஓர் அற்பக் காரணத்தில் ஒருநாள் கைவிடுகிறது. அந்த அற்பக் காரணம் பல சமயம் வீட்டில்தான் நடக்கிறது.

முதுகுக்குள் நடப்பது என்ன?

பளு தூக்குவோருக்கு நோய் வருகிறது என்பது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-இல் தொழிலாளர் நோய்கள் பற்றி எழுதிய நூலில் சுமை தூக்குவோருக்கும் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். ஆனால் முதுகுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய இருநூறு ஆண்டுகளுக்கு மேலானது.

1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கும் கடும் வலிக்குப் பல நோயாளிகளில் காரணம், முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதே என்று அறுவைச் சிகிச்சை மூலம் காட்டினார்கள். 1960-களில் சுவீடனைச் சேர்ந்த நாகெம்சன் என்ற மருத்துவர் உயிருள்ள மனிதரின் வட்டுக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். குனிந்து பளு தூக்கும்போது அந்த அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பது எண்ணாகவே தெரிந்தது.

இதைப் புரிந்துகொள்ளப் பழைய மளிகைக் கடையில் தொங்கிய டாச்சிங் தராசை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிக்கு அருகில் பெரிய மூட்டை. கோலின் மறுமுனையில் சிறிய குண்டு. தூரம் கூடினால் சிறிய எடையும் பெரிய எடைக்குச் சமமாகும். நம் முதுகும் அப்படித்தான். நம்மை நிமிர்த்தும் தசை முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கையில் உள்ள மூட்டை 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், பத்து கிலோவைத் தாங்க அந்தத் தசை நூறு கிலோ விசையோடு இழுக்க வேண்டும். அந்த விசை முழுவதும் வட்டின் மேல் இறங்குகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வளர்ந்தவர்களின் வட்டுக்குள் இரத்தக் குழாய் ஏறக்குறைய கிடையாது. அதனால் காயம் ஆறுவது மெதுவாக. அதன் உட்பகுதியில் வலி உணரும் நரம்பும் இல்லை. உள்ளே கிழிசல் விழுந்தாலும் வலிக்காது. வெளி விளிம்பை எட்டும்போதுதான் தெரியும். அப்பாவால் தேதி சொல்ல முடியாததற்கு விடை இதில் இருக்கிறது. அவர் மறைக்கவில்லை. அவருக்கே தெரியாது.

55 கிலோவிலிருந்து 23 கிலோ வரை

அப்படியானால் ஒரு மனிதன் எவ்வளவுதான் தூக்கலாம்?

1967-இல் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனம் இதற்கென ஓர் உடன்படிக்கை கொண்டுவந்தது. உடல்நலத்தைக் கெடுக்கும் அளவு பளுவை யாரையும் சுமக்க வைக்கக்கூடாது என்றது. அதனோடு வந்த பரிந்துரையில், வளர்ந்த ஆணுக்கு உச்சவரம்பு 55 கிலோ என்று குறிப்பிட்டார்கள். அதே 1967-இல் நம் நாட்டில் தொழிற்சாலைகள், இயந்திரங்கள் சட்டம் நிறைவேறியது. உடலில் காயம் ஏற்படுத்தக்கூடிய அளவு கனமான பளுவைத் தூக்கும் வேலையில் யாரையும் அமர்த்தக்கூடாது என்று அதில் ஒரு பிரிவு இருந்தது. நல்ல பிரிவுதான். ஆனால் எத்தனை கிலோ என்று சொல்லவில்லை. எண் இல்லாத சட்டத்தை வைத்துக்கொண்டு, அப்பாவைப் போன்றவர்கள் யாரிடம் என்ன கேட்பது?

பெரிய மாற்றம் 1991-இல் அமெரிக்காவில் வந்தது. அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1981-இல் தான் வகுத்த கணக்கைத் திருத்தியது. எல்லாம் சாதகமாக இருக்கும்போது, அதாவது பளு உடலோடு ஒட்டி, இடுப்பளவு உயரத்தில், திரும்பாமல், எப்போதாவது மட்டும் தூக்கும்போது பரிந்துரைக்கும் வரம்பு 23 கிலோ. நிலைமை மோசமாக ஆக, வரம்பும் குறைந்துகொண்டே போகும்.

அப்பாவின் வேலைக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மூட்டையைக் கணுக்காலிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் 23 கிலோ 14 கிலோவாகக் குறைகிறது. பக்கவாட்டில் முழுக்கத் திரும்பினால் 10 கிலோ. தரையோடு குனிவதையும், ஷிப்டுக்கு 120 முறை என்பதையும் சேர்த்தால் அதற்கும் கீழே. அப்பா தூக்கியது 25 கிலோ.

பிரிட்டனில் 1992-இல் வந்த விதிமுறைகளுக்கான வழிகாட்டியும் இதையே எளிமையாகச் சொல்கிறது. இடுப்புயரத்தில் உடலோடு ஒட்டிப் பிடித்தால் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 16 கிலோ. கையை நீட்டிப் பிடித்தால் ஆணுக்கு 15. தரையிலிருந்து என்றால் ஆணுக்கு 10, பெண்ணுக்கு 7. அங்கே 50 கிலோவாக இருந்த சிமெண்டு மூட்டை பின்னர் 25 கிலோவாகச் சுருங்கியது. சிமெண்டும் மாறவில்லை, மனிதனும் மாறவில்லை. பையைத்தான் மாற்றினார்கள்.

"முழங்காலை மடக்கித் தூக்கு!"

தொழிற்சாலைச் சுவர்களில் ஒரு படம் பார்த்திருப்பீர்கள். முதுகை வளைத்துத் தூக்குபவர் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. முழங்காலை மடக்கித் தூக்குபவர் மேல் பச்சைக் குறி. அடிபட்டால் முதல் கேள்வி, "பயிற்சியில் சொன்னபடி தூக்கினாயா?" என்பதுதான். பழி தொழிலாளி தலையில்.

இந்தப் பயிற்சி உண்மையில் பலன் தருகிறதா? 1978-இல் அமெரிக்காவில் ஸ்னூக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். உடல்வலு உள்ளவரைப் பொறுக்கி எடுப்பது, தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பது, வேலையையே மாற்றி அமைப்பது. முதல் இரண்டிலும் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. மூன்றாவது வழியில் முதுகுக் காயங்களை மூன்றில் ஒரு பங்கு வரை குறைக்கலாம் என்றார்கள். 1997-இல் வெளியான இன்னோர் ஆய்வில் அமெரிக்க அஞ்சல் ஊழியர்கள் சுமார் 4,000 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் முதுகுப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து ஐந்தரை ஆண்டுகள் கவனித்தார்கள். காயம் குறையவில்லை.

பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியை மட்டும் கொடுத்துவிட்டு மூட்டையையும் மேடையையும் அப்படியே வைத்திருப்பது ஏமாற்று என்கிறேன்.

நம் முன்னோருக்கு இது புரிந்திருந்தது. தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் என்று ஒன்று உண்டு. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே வைத்திருப்பார்கள். பிள்ளைத்தாய்ச்சியாக இறந்த பெண்களின் நினைவாக நடும் வழக்கமும் இருந்தது. தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல் அதன்மேல் சுமையை இறக்கி வைத்து, மறுபடியும் யார் உதவியும் இன்றித் தலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வழிப்போக்கருக்கு "முழங்காலை மடக்கு" என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. சரியான உயரத்தில் ஒரு கல்லை வைத்தார்கள்.

இன்றைய நிலை

நம் நாட்டுச் சட்டமும் நகர்ந்திருக்கிறது. 1994-இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது. 2018-இல் கையால் பளு கையாளுவதற்கென அரசாங்கத்தின் தனி வழிகாட்டி வெளியானது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் செய்த திருத்தங்கள் 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதே நாளில் 1967-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ரத்தானது. வேலையிடத்தில் என்ன ஆபத்து உண்டு என்று முன்கூட்டியே மதிப்பிடுவது இப்போது முதலாளியின் சட்டக் கடமை. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி, முதலாளி அதைச் சரிசெய்யாவிட்டால் அந்த இடத்தைவிட்டு விலகவும் உரிமை உண்டு.

இன்று நம் தொழிற்சாலைகளில் கனத்தைத் தூக்குபவர்களில் நேப்பாளத்தினரும் வங்காளதேசத்தினரும் ஏராளம். கடல் தாண்டி வந்து, கடன் அடைக்கும்வரை வலியைச் சொல்லாமல் தூக்கும் அவர்களைப் பார்க்கும்போது என் தாத்தாவின் தலைமுறைதான் நினைவுக்கு வருகிறது. 2019 ஜனவரி முதல் அவர்களும் சொக்சோவின் வேலை விபத்துத் திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். இந்தச் செய்தியை அவர்கள் காதில் போடுவது நம் கடமை.

வீட்டில் இருக்கும் நேயர்களுக்கு மூன்று சொல்ல விரும்புகிறேன். ஒன்று, முதுகு வலித்தால் தைலம் தடவிவிட்டு மறந்துவிடாதீர்கள். தேதி, நேரம், தூக்கிய பொருள், எடை, எத்தனை முறை என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். மேற்பார்வையாளரிடம் அன்றே சொல்லுங்கள். விபத்து நடந்தால் 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு, மருத்துவரிடம் போனால் வலிக்கும் இடத்தை மட்டும் காட்டாதீர்கள். செய்யும் வேலையையும் சொல்லுங்கள். தொழில் நோய் என்ற இரண்டாவது வாசலைத் தட்ட அந்தக் குறிப்பு உதவும். மூன்று, தொழிற்சங்கத்திலோ பாதுகாப்புக் குழுவிலோ இருப்பவர்கள், "எப்படித் தூக்குவது?" என்று கேட்பதற்கு முன்னால் "இதைக் கையால் தூக்கத்தான் வேண்டுமா?" என்று கேளுங்கள்.

அப்பாவுக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. ஓய்வு பெறும்வரை ஒரு குடியிருப்பில் காவலாளியாக இருந்தார். சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய பழைய நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். அப்பா நின்ற அதே வரிசையில் இப்போது மூட்டையை யாரும் தூக்குவதில்லையாம். ஒரு டன் பிடிக்கும் பெரிய பை வந்து நிற்கிறது. குழாய் ஒன்று மணிகளை உறிஞ்சி நேராகப் புனலில் சேர்க்கிறது. "ஏன் மாத்தினாங்க?" என்று அப்பா கேட்டார். "உற்பத்தி கூடணும்னு புது மெஷின் போட்டாங்க. அதோட சேர்ந்து வந்துச்சு" என்றார் நண்பர்.

1965-இல் ரப்பருக்கு நடந்ததேதான். வாங்குபவர் கேட்டார், எடை மாறியது. உற்பத்தி கேட்டது, குழாய் வந்தது. அந்தக் குழாய் 1993-லேயே கடையில் கிடைக்காத பொருள் அல்ல. தூக்குகிற ஆள் கேட்டு ஒரு பளு எப்போது மாறப்போகிறது? அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று இந்த அரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். தொழிற்சங்கத்தைச் சேர்ந்தவர், தொழிற்சாலை நடத்துபவர், எலும்பு மருத்துவர் என மூவர் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களிடம் என் முதல் கேள்வியும் அதுதான்.

வாருங்கள், கலந்துரையாடலுக்குள் செல்வோம்.